ஒன்பது மணி வெயில்

2009 மே மாதம் தொடங்கி அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பு வரை, டென்மார்க்கின் இக்காஸ்டில் மேரிசெலினின் வீட்டுக்குள் காலை ஒன்பது மணியாகவே இருந்தது. மணிக்கூடுகள் ஒழுங்காகத்தான் ஓடின. அவளுடைய கணவன் சூசைதாசன் ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்திப் போகவில்லை. வெயில்தான் நகரவில்லை. இரண்டாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் ஹோலில், சாப்பாட்டு மேசையின் பாதியையும் அதற்குக் கீழே ஒரு பாய் விரிக்கும் அளவு நிலத்தையும் வெயில் பிடித்து வைத்திருந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர்ச் சாடியின் நிழல் சுவர்ப்பக்கமாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. இரவிலும் அப்படித்தான், மழை கொட்டும்போதும் அப்படித்தான். அது ஜன்னல் வழியாக வரவில்லை என்பதைச் சூசைதாசன் திரைச்சீலையை இழுத்து மூடிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். பிறகு கண்ணுக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு படுக்கப் பழகினான். அவனுக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன. அந்த மே மாதத்தில் எல்லாருக்கும் இருந்தன.

மேரிசெலினுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி, றெஜினோல்ட். விடத்தல்தீவில் வள்ளங்களின் மோட்டர் திருத்திக்கொண்டிருந்தவன். சண்டை பின்னாலேயே துரத்திவர, ஒரு பை நிறையக் குறடுகளும் திருகுசாவிகளும் சுமந்துகொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் ஒரு தறப்பாளுக்குக் கீழே வந்து சேர்ந்திருந்தான். மே நடுப்பகுதியில் ஒருநாள் யாருடையதோ சற்றலைற் ஃபோனில் அக்காவுக்கு எடுத்தான். இங்கே விடிய ஐந்தரை, அங்கே ஒன்பது மணி. சாப்பாட்டைச் சமாளிக்கலாம், தண்ணீர் எடுக்கப் போவதுதான் கஷ்டம் என்றான். அத்தானைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். "பின்னால சனம் நிக்குது அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தான். அந்த நேரத்தில்தான் மேசைமேல் வெயில் விழுந்தது. மேரிசெலின் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கச் சில நாட்கள் பிடித்தன. அதற்குள் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோக்கள் சொல்லிவிட்டன.

கோடைகாலத்தில் அந்த வெயிலை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. டென்மார்க்கில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்தான். ஒரு வீட்டுக்குள் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன? அதைவிட, அந்தக் கோடை முழுவதும் இக்காஸ்டின் தமிழ்ச் சனங்கள் செத்த வீடு செத்த வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முகாம்களில் இருந்து கைமாறிக் கைமாறி வந்த ஃபோன்களில் செய்தி வந்தது. ஒரு வீட்டில் மாமனார், ஒரு வீட்டில் தங்கையும் பிள்ளைகளும், இன்னொரு வீட்டில் பெயர் சொல்லி முடிப்பதற்குள் லைன் அறுந்து, அடுத்த நாள் மிச்சப் பெயர்கள். முதல் வாரங்களில் ஆளுக்கு ஆள் சோறு சமைத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு சோறு கொண்டுபோனவர்களின் வீட்டிலும் ஃபோன் அடித்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் ஆறுதல் சொல்ல மிச்சம் ஆள் இல்லாமல் போய்விட்டது. மேரிசெலினின் ஃபோன் மட்டும் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்திலும் கேட்டாயிற்று, கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் கேட்டாயிற்று. அவள் வயோதிபர் இல்லத்து வேலை முடிந்து வந்ததும் ஃபோன் இருந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில் உட்கார்ந்துகொள்வாள். தன் வீட்டு வெயிலில் ஒருநாளும் இருக்காதவள் அவள் ஒருத்திதான்.

செப்டெம்பர் போனதும் இருட்டுக் காலம் வந்தது. மற்ற வருடங்களில் சனங்கள் அதை வைது வைது கடத்திவிடுவார்கள். வேலைக்குப் போகும்போது இருட்டு, வரும்போதும் இருட்டு, நடுவில் சாம்பல் கரைத்துவிட்ட மாதிரி ஒரு பகல். அந்த வருடம் வைவதற்கும் வலு இருக்கவில்லை. டொக்டர் இது குளிர்காலச் சோர்வு, வெள்ளைக்காரருக்கும் வருகிறது என்று சொல்லி விற்றமின் டி குளிசையும், காலையில் அரைமணி நேரம் முன்னால் இருக்கச் சொல்லி ஒரு வெளிச்ச லாம்பும் எழுதிக்கொடுத்தார். பஸ்தியாம்பிள்ளை அந்த லாம்புக்கு முன்னால் இருந்து பார்த்தார். அது மீன் கடை வெளிச்சம் மாதிரி இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது, பக்கத்து ஊரான ஹேர்னிங்கில் ஒரு பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், ஒரு காலத்தில் கொண்டாட்டம் என்றால் முதல் ஆளாக நிற்பவர். முள்ளிவாய்க்காலில் தமக்கையும் தமக்கையின் மகனும் போன செய்தி வந்த பிறகு அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மனைவி செல்வமலர் கூப்பிட்டால் "ஓம்" என்பார். எழும்புகிறாரா என்று பார்த்தால் இல்லை.

செல்வமலர் ஒருநாள் இரவல் வாங்கிய இடியப்பத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க மேரிசெலின் வீட்டுக்குப் போனாள். மேசை ஓரத்தில் கதிரை இருந்தது, இருந்தாள். முதுகில் வெயில் பட்டது. அரைமணி நேரம் கழித்து, மேரிசெலின் வேலையிடத்தில் ஒரு கிழவி தன் பல்செற்றைத் தேடி ஊரைக் கூட்டிய கதையைச் சொன்னபோது, செல்வமலர் சிரித்துவிட்டாள். மச்சாள் செத்த செய்தி வந்து மூன்று மாதம் ஆகவில்லையே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பசித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த பசி. அடுத்த நாள் புருசனின் காலில் சப்பாத்தை மாட்டி, கையைப் பிடித்து, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோய் அந்த வெயிலில் இருத்தினாள். பஸ்தியாம்பிள்ளை கையை வெயிலில் நீட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீர்ச் சாடியின் நிழலை விரலால் அளந்தார். "இது இங்கத்தைய வெயில் இல்லை. இங்க விடியக்காலமை எண்டால் நிழல் குசினி வரைக்கும் போகும். இது எங்கட ஒன்பது மணி" என்றார். அந்தக் கிழமையே அவர் வேலைக்குப் போனார்.

அதன் பிறகு அந்த வீடு ஒரு சந்தையாகிவிட்டது. வெயில் காய வந்தேன் என்று வாய் திறந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் ஒரு சாட்டு இருந்தது. ஒருத்தி தையல் ஊசி கேட்டு வந்தாள், ஒருவர் கோயில் செய்தி சொல்ல வந்தார். குளிர்காலத்தில் கறிவேப்பிலைக் கன்றுகள் செத்துப்போவது அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் உள்ள துக்கம். கிருபாமலர் தன்னுடைய கன்றைச் சாடியோடு கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்தாள். ஒரு மாதத்துக்குள் அங்கே பதினைந்து இருபது சாடிகள் சேர்ந்து, துளிர்விட்டு, படிக்கட்டு வரை மணத்தன. செத்தல் மிளகாய் காயவைத்தார்கள். பின்னேரங்களில் முந்நூற்றிநாலு சீட்டு விளையாடினார்கள். தோற்றவன் காதில் துணி உலர்த்தும் கிளிப்பைப் போட்டுக்கொண்டு இருந்தான். கிருபாமலர் பெந்தெகொஸ்தே சபைக்காரி, அந்த வெயில் தங்கள் சபை உபவாசம் இருந்ததன் பலன் என்றாள். கத்தோலிக்கர்கள் அது மடு மாதாவின் வேலை என்றார்கள். குடியிருப்பைப் பராமரிக்கும் பிரேபன் என்ற டெனிஷ்காரர் மின்சார மீற்றரைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். போவதற்கு முன் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஒரு கால்மணி நேரம் இருந்தார். அவரும் பிறகு அடிக்கடி மீற்றர் பார்க்க வந்தார்.

வெயில் ஏன் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு எடுக்கிறேன் என்று சொன்னவன் இன்னும் எடுக்கவில்லை, அவள் இன்னும் காத்திருக்கிறாள், அதனால் நிற்கிறது. ஆகவே வந்தவர்கள் எல்லாரும் போகும்போது, "றெஜி எங்கயாவது முகாமில இருப்பான் பிள்ளை, கட்டாயம் எடுப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் இரக்கத்தில் சொன்னார்கள். கொஞ்ச நாள் போக, தங்களுக்குத் தேவைப்பட்டதால் சொன்னார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மேரிசெலின் சொல்கிறவரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்று, கதவைச் சாத்தி, மறுபடி ஃபோனுக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். அவள் மெலிந்துகொண்டு போனாள். மற்றவர்களுக்கு உடம்பு தேறிக்கொண்டு வந்தது.

நவம்பர் முதல் கிழமையில் பஸ்தியாம்பிள்ளைக்கு மன்னாரில் இருந்து ஒரு ஃபோன் வந்தது. எடுத்தவள் யசிந்தா, செத்துப்போன தமக்கையின் மருமகள், அவளை முகாமில் இருந்து அந்த வாரம்தான் விட்டிருந்தார்கள். அவள் தன் கதையைச் சொல்லி அழுது, இடையில் வேறொரு பெயரையும் சொன்னாள். "மோட்டர் திருத்திற றெஜி அண்ணையையும் நாங்கள்தான் மணலுக்குள்ள தாட்டனாங்கள் மாமா. அண்டைக்குக் காலமைதான் டென்மார்க் அக்காவோட கதைச்சவர். பின்னேரம் தண்ணி எடுக்கப் போனவர். ஐஞ்சு மணியிருக்கும்." பஸ்தியாம்பிள்ளை ஃபோனை வைத்துவிட்டு நேரே சப்பாத்தைப் போட்டார். இப்படியான செய்தியை வைத்திருக்கக்கூடாது, அவருக்குத் தெரியும். படியேறும்போது என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு போனார். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, செல்வமலரின் முகத்தில் வெயில், கையில் ஜாக்கி. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேரிசெலின் தேத்தண்ணியைக் கொண்டுவந்து, "இருங்கோ அண்ணை" என்றாள். இருந்தார். நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தார். நாளைக்கும் வெயில் நன்றாகத்தான் இருந்தது.

இப்படியே டிசம்பர் வந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனார். சொன்னால் அந்த வெயில் போய்விடும், தான் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று பயந்தார். தான் மட்டுமா, செல்வமலர், கிருபாமலர், கிளிப்போடு சிரிக்கும் பொடியன்கள் எல்லாரும்தான் என்று தனக்குத்தானே நியாயம் சொன்னார். நியாயம் கிடைத்தது, நித்திரைதான் கிடைக்கவில்லை. செல்வமலருக்கும் அவர் சொல்லவில்லை.

நத்தார் நெருங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச்சட்டி வைத்துப் பலகாரம் சுடுவதில்லை. துக்கம் இல்லாத வீட்டுக்காரர் சுட்டு, துக்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஊரில் காலங்காலமாக நடப்பது, இக்காஸ்டிலும் இருபது வருடமாக நடந்தது. அந்த வருடம் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தார்கள். எண்ணியதில் துக்கம் இல்லாத வீடு என்று ஒன்றும் தேறவில்லை. தங்கள் சபையில் அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை, தான் சுடுகிறேன் என்றாள் கிருபாமலர். உன்ர சித்தப்பா செத்தது சபைக்குத் தெரியாதோ என்று அவளை அடக்கிவிட்டார்கள். கடைசியில் செல்வமலர்தான் சொன்னாள். "செலின்ர வீடு இருக்கே. அங்க ஒரு கெட்டதும் நடக்கேல்லையே." எல்லாரும் மேரிசெலினைப் பார்த்தார்கள். அவளுடைய முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் மே மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகக் கண்டார்கள். தன் வீடு செத்த வீடு இல்லை என்று ஊர் கூடி ஒத்துக்கொள்கிறது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான். எல்லா வீட்டுக்கும் தானே சுட்டுத் தருவதாகச் சொன்னாள். மாவும் சீனியும் எண்ணெயும் வாங்க அன்றைக்கே சூசைதாசனைத் துரத்திவிட்டாள்.

சுடக் குறித்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் எட்டுப் பத்துப் பெண்கள் அந்தக் குசினியில் நெரிபட்டார்கள். துக்கக்காரர் எண்ணெயில் போடக்கூடாது, மா உருட்டலாம் என்று தங்களுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். பயத்தம்மாவை வறுக்கும் வாசனையும் ஏலக்காயும் ஹோலுக்கு வந்தன. ஆண்கள் வெயிலில் இருந்து, ருசி பார்க்கிறோம் என்று சொல்லிப் பச்சை மாவைத் தின்று பேச்சு வாங்கினார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, எட்டரைக்குப் பிறகும் சரியாக விடியவில்லை. உள்ளே மேரிசெலின் தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சின்ன வயதில் தான் கொக்கிஸ் என்ற அச்சுப் பலகாரம் சுடும்போது றெஜி அச்சை ஒளித்துவைத்துவிட்டுக் காசு கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அந்த ஊர் கண்ட ஆகச் சந்தோஷமான மணித்தியாலம் அது. பிறகு யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்கள்.

பஸ்தியாம்பிள்ளை அப்போதுதான் பூசை முடிந்து வந்தார். குசினி வாசலில் நின்றார். எண்ணெய் காய்ந்துவிட்டது. மேரிசெலின் அச்சைக் கரைசலில் தோய்த்து எடுத்து, சட்டிக்கு மேலே கொண்டுபோனாள். ஒன்றரை மாதம் ஒரு சாவை மறைத்துவைக்க முடிந்த மனிதருக்கு, செத்த வீட்டில் கொக்கிஸ் பொரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தெரியாமல் அவள் தன் தம்பிக்கே பிழை செய்யப் போகிறாள், அதைச் செய்ய வைத்தது தான் என்று பட்டது. பெண்களை விலக்கிக்கொண்டு போய் அடுப்பை நிற்பாட்டினார்.

"வேண்டாம் தங்கச்சி" என்றார். "இந்த வீட்டில வேண்டாம்."

ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. அச்சில் இருந்து கரைசல் சொட்டிக்கொண்டிருந்தது. செல்வமலர் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எப்ப தெரியும்?" என்று மேரிசெலின் கேட்டாள்.

"போன மாசம். யசிந்தா எடுத்தவள். அவையள்தான் தாட்டது."

"அதுக்குப் பிறகும் வந்து இருந்தனீங்கள்."

"ஓம்" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

அவள் கையைக் கழுவினாள். ஹோலுக்கு வந்தாள். எந்த நாள் என்று கேட்டாள். கதைத்த அன்றைக்கேதான் என்றார். எத்தனை மணிக்கு என்றாள். பின்னேரம் ஐந்து மணி போல என்றார். அவள் கதிரையை இழுத்து, அதுவரை ஒருநாளும் இருக்காத அந்த வெயிலில் இருந்தாள். அப்போது மேசைமேல் தண்ணீர்ச் சாடியின் நிழல் அசைந்தது. அசைந்தது என்றால் ஓடவில்லை. வெயில் எல்லா இடத்திலும் எப்படி நகருமோ அப்படி, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாமல், பார்வையை எடுத்துவிட்டுப் பார்த்தால் தெரிகிற மாதிரி நகர்ந்தது. ஒன்பது மணி ஒன்பதே காலாகியது. தம்பி உயிரோடு இருந்த கடைசிப் பகல் அந்த வீட்டுக்குள் மிச்சம் ஓடத் தொடங்கியது.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆண்கள் சீட்டுக்கட்டை எடுத்து வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார்கள். கிருபாமலர் வாய்க்குள் ஜெபித்தாள், யாரோ செபமாலையைத் தொடங்க, தெரிந்தவர்கள் சொன்னார்கள், தெரியாதவர்கள் சும்மா இருந்தார்கள். மேரிசெலின் அழவில்லை. அவள் வெயிலைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். இப்ப சாப்பிட்டிருப்பான், அங்க கஞ்சி குடுத்தவையாம் என்றாள். பிறகு, இப்ப யாருக்காவது எதையாவது திருத்திக்கொண்டு இருப்பான், சும்மா இருக்கமாட்டான் என்றாள். நடுப்பகலில் சாடியின் நிழல் சாடிக்குக் கீழேயே ஒடுங்கியது. டென்மார்க்கில் அப்படி ஒரு நிழலைக் கண்டவர் கிடையாது, இருபது வருடத்துக்குப் பிறகு அதைப் பார்த்த சிலர் அப்போதுதான் அழத் தொடங்கினார்கள். பின்னேரமானது. வெயில் மஞ்சளாகி மற்றப் பக்கச் சுவரில் ஏறியது. பஸ்தியாம்பிள்ளை குசினி வாசலில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவரை இருக்கச் சொல்வாரும் இல்லை, போகச் சொல்வாரும் இல்லை. ஐந்து மணி வெயில் வந்தபோது மேரிசெலின் எழும்பி நின்றாள். "தண்ணிக்குப் போறான்" என்றாள். அதன் பிறகுதான் அவளுடைய குரல் வெடித்தது. ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்த குரல் அது, மூன்று மாடிக்கும் கேட்டது. பெண்கள் அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே இருட்டுகிற மாதிரியே சட்டென்று இருட்டியது. வீடு இருட்டாகி, மற்ற வீடுகளைப் போல ஒரு வீடாகியது. அன்றிரவு அவள் நித்திரை கொண்டாள்.

றெஜிக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். உருட்டிய மா காய்ந்துபோக, சூசைதாசன் அதைக் கொட்டினான். நத்தாருக்கு இக்காஸ்டில் ஒரு தமிழ் வீட்டிலும் பலகாரம் இல்லை என்று முடிவாகியிருந்த நேரத்தில், திருநாளுக்கு முதல் நாள் பிரேபன் கதவைத் தட்டினார். கையில் ஒரு பெரிய தகரப் பேணி. மாவைக் கீறி முடிச்சுப்போட்டு எண்ணெயில் பொரித்த டெனிஷ் பலகாரம், கிளைனர் என்பார்கள். மனைவி சுட்டது, உங்கள் தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டோம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பேணியைத் திறந்தபோதுதான் பெண்களுக்குத் தங்கள் மடைத்தனம் உறைத்தது. துக்கம் இல்லாத வீடு தேடி எண்ணினார்களே, சுற்றிவர ஆயிரக்கணக்கில் டெனிஷ் வீடுகள் இருந்தன. அவர்களுடைய கணக்கில் வீடு என்றால் தமிழ் வீடு. மேரிசெலின் அதை எல்லா வீட்டுக்கும் பிரித்து அனுப்பினாள், வீட்டுக்கு நாலைந்து துண்டுதான் வந்தது. பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்கும் போனது. ஆனால் அவரோடு அவள் கதைக்கவில்லை.

வெயில் ஒரேயடியாகப் போகவில்லை. அந்த ஞாயிறுக்கு அடுத்த நாள், ஊரில் விடிகிற மாதிரிக் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குள் விடிந்தது, மாலை ஆறு மணி தாண்ட இருட்டியது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். வெளியே விடிய இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கும்போது சூசைதாசன் வெளிச்சத்தில் முகம் வழித்துவிட்டு, கதவைத் திறந்து இருட்டுக்குள் வேலைக்கு இறங்கினான். முதலில் சனங்களுக்கு வரக் கூச்சமாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், இந்த முறை சாட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தார்கள். செத்த வீட்டுக்குப் போகக் காரணம் தேவையில்லை. அழுதார்கள், இருந்தார்கள், தை மாதத்தில் யாரோ சீட்டுக்கட்டை வெளியே எடுத்தார்கள். மேரிசெலினும் ஒரு கை போட்டாள், தோற்று, காதில் கிளிப்போடு இருந்தாள். வராத ஆள் பஸ்தியாம்பிள்ளை மட்டும்தான். அந்தக் குளிர்காலத்தின் மிச்சத்தை அவர் மீன் கடை லாம்புக்கு முன்னால் இருந்து கடத்தினார். வேலைக்குப் போனார், வந்தார், செல்வமலர் மட்டும் போய்வந்து அங்கே நடந்ததைச் சொல்லும்போது மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மே மாதம் ஆண்டுப் பூசை வந்து போனது. ஜூன் வந்தது. ஊர் முழுக்க வெளிச்சம், வெள்ளைக்காரர்கள் இரவு பத்து மணிக்கும் புல்லில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். மேரிசெலின் வீட்டுக்குள் மட்டும் வழக்கம்போல ஆறு மணி தாண்ட இருட்டியது. ஜன்னலுக்கு வெளியே வெயில் எறித்தது, அது கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அந்தக் காலத்தில் அந்த வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை, வர என்ன இருக்கிறது? அப்படி ஒரு பின்னேரம் ஏழு மணி போலப் பஸ்தியாம்பிள்ளை படியேறி வந்து கதவடியில் நின்றார்.

"வெளியில வெயில் எறிக்குது" என்றாள் மேரிசெலின். "இப்ப இஞ்ச என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"சும்மா இருக்க வந்தனான்" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வழிவிட்டாள். அவர் இருட்டுக்குள் கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார். அவள் எதிரே இருந்தாள். லைற்றைப் போடவா என்று சூசைதாசன் அறைக்குள் இருந்து கேட்டான், இருவரும் வேண்டாம் என்றார்கள். கீழே பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து அவள், "அவனைத் தாட்ட இடத்தில பனை நிண்டதோ எண்டு யசிந்தாவிட்ட கேட்டனீங்களோ?" என்றாள். கேட்டேன், நின்றதாம் என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் கதைத்தார்கள். வெளியேயும் இருட்டிய பிறகு அவர் எழும்பிப் போனார், அடுத்த நாளும் வந்தார். அந்தக் கோடை முழுவதும் ஊர் வெயிலில் கிடக்க, பஸ்தியாம்பிள்ளை வேலை முடிந்ததும் மேரிசெலின் வீட்டு இருட்டில் வந்து இருந்தார்.